அமெரிக்க எஃகு: வேலையைப் பறித்தது அந்நியர்களா?

அமெரிக்க எஃகு ஆலைகள் ஏன் மூடப்பட்டன என்று கேட்டால், ஜப்பானையோ சீனாவையோ கைகாட்டுவார்கள். இறக்குமதி ஒரு காரணம்தான். 1959இல் ஏறக்குறைய 5 லட்சம் தொழிலாளர்கள் 116 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு எஃகு இறக்குமதி ஏற்றுமதியை மிஞ்சியது.

ஆனால் வெளிநாட்டு எஃகு மலிந்ததற்குக் குறைந்த கூலி மட்டும் காரணமல்ல. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952இல் ஆக்சிஜன் உலை வந்தது. பழைய உலைகளில் பல மணி நேரம் பிடித்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஜப்பான் அதை வேகமாக ஏற்றது. அமெரிக்கப் பெருநிறுவனங்களோ 1950களில் பழைய வகை உலைகளிலேயே பணத்தைக் கொட்டின.

அடுத்த போட்டி உள்நாட்டிலேயே முளைத்தது. நியூகோர் போன்ற நிறுவனங்களின் சிறிய ஆலைகள், பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் குறைந்த ஆட்களோடு எஃகு செய்தன. 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 10 மணி நேர மனித உழைப்பு தேவைப்பட்டது. இன்று 2 மணி நேரம்கூட வேண்டாம். உற்பத்தித்திறன் உயர்ந்தது, ஆட்கள் குறைந்தார்கள்.

யார் குறைந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். கறுப்பினத் தொழிலாளர்களைப் பல ஆலைகள் கோக் அடுப்பிலும் ஊதுலையிலும் நிறுத்தின. வெப்பமும் நச்சுப்புகையும் மிகுந்த இடங்கள் அவை. வேறு பிரிவுக்கு மாறினால் பணிமூப்பு போய்விடும். பிறப்பைப் பார்த்து வேலை ஒதுக்குவது என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின், 1974 ஏப்ரலில் 9 நிறுவனங்களும் தொழிற்சங்கமும் அரசோடு நீதிமன்ற உடன்பாட்டுக்கு வந்தன. பணிமூப்பு ஆலை முழுவதற்கும் பொதுவானது. சிறுபான்மையினரும் பெண்களுமாகச் சுமார் 40,000 பேருக்கு 3 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு ஒதுக்கப்பட்டது.

மூன்றே ஆண்டுகள். 1977 செப்டம்பர் 19 அன்று ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் கேம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேர் வேலை இழந்தார்கள். 1980களில் ஆலைகள் வரிசையாக மூடின. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது விதி. புதிதாக நுழைந்த கறுப்பின இளைஞர்களும் பெண்களும் முதலில் வெளியேறினார்கள்.

தோழர்களே, உரிமையை வென்றார்கள், ஆனால் அதைப் பயன்படுத்த வேலை மிஞ்சவில்லை. உற்பத்தித்திறன், போட்டி என்று யார் பேசினாலும் டன் கணக்கோடு ஆள் கணக்கையும் கேளுங்கள். மிச்சமான உழைப்பின் பலன் யாருக்குப் போனது, முதலில் வெளியே அனுப்பப்பட்டவர் யார் என்று கேளுங்கள்.