பழைய வண்டியின் காவல்

பம்பாய்ப் பக்கத்துக் கல்யாண் நகரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரயிலைப் பற்றியே பேசுவது வழக்கம். 1853-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்குப் போட்ட இருப்புப்பாதை மறு வருஷம் மே மாதத்தில் இவ்வூரை எட்டியது முதல், ஜங்ஷன் என்னும் சொல் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆயினும் மோட்டார் சரித்திரத்திலும் கல்யாணுக்கு ஓர் இடம் உண்டு. பம்பாயின் குர்லாவில் கார் தயாரித்துவந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனிக்கு இவ்வூர்ப் பக்கத்திலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. 1990-களின் நடுவில், பிரெஞ்சுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பியூஜோ 309 என்னும் காரை அங்கே உருவாக்கினார்கள். கூட்டு சில வருஷங்களிலேயே முறிந்தது. காரை வாங்கியவர்கள் உதிரி பாகத்துக்காகக் கடைகடையாக அலைந்தார்கள். தயாரித்தவர் கைவிட்ட பின்னும் ஒரு வண்டியை ஓடவைப்பதும், அதைத் திருடர் கைக்குத் தப்புவிப்பதும் எத்தனை பிரயாசை என்பதை இப்பகுதி மக்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

இந்தப் பிரயாசையின் வேர் இன்னும் பழையது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தோற்றுவித்த பிரீமியர் ஸ்தாபனம், 1964 முதல் ஃபியட் 1100-டி வண்டியைத் தயாரித்தது. எழுபதுகளில் அதற்குப் பத்மினி என்று நாமகரணம் ஆயிற்று. லைசென்ஸ் முறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவிய அந்நாளில், பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒரு வண்டி கைக்கு வரும் என்பதால், ஒருவர் ஓட்டிய வண்டி புது வண்டியின் விலையைவிட அதிகத்துக்குக் கைமாறிய விசித்திரமும் நடந்தது. முழு வண்டிக்கு இருந்த கிராக்கி அதன் அங்கங்களுக்கும் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடிய நகரத்தில், ஒன்றிலிருந்து கழற்றிய கார்புரேட்டர் அடுத்த வண்டிக்கு அப்படியே பொருந்தும். அந்த ஒற்றுமையே பழுது பார்ப்பவனுக்குப் பேருபகாரமாகவும், திருடனுக்குப் பெருவசதியாகவும் அமைந்தது.

வண்டியின் அமைப்பும் திருடனுக்கு அனுகூலமாகவே இருந்தது. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியை அழுத்தித் தள்ளினால் உள்ளே கைவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துவிடலாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் தொங்கும் ஒயர்களில் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் சாவியே வேண்டாம். இதை மெக்கானிக்குகள் ‘டைரக்ட் கொடுப்பது’ என்பார்கள். ஆகவே சொந்தக்காரர்களும் தாமே உபாயங்களைக் கண்டுகொண்டார்கள். ஸ்டியரிங்கையும் பிரேக் பெடலையும் சங்கிலியால் பிணைத்துப் பூட்டியவர்கள் உண்டு; ஸீட்டுக்கு அடியில் ரகசியமாக ஒரு சுவிட்சை வைத்துக் கரன்டைத் துண்டித்தவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ரோட்டரைக் கழற்றும் வித்தை. இரவில் பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்புகளையும் நெம்பி, உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவான பேக்கலைட் துண்டை உருவி, கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், பின்னால் வருகிறவன் எத்தனை ஒயரை முறுக்கினாலும் பிளக்குகளுக்குப் பொறி போய்ச் சேராது. 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்பார்த்திருந்த பிரிட்டனில், நிறுத்திய வண்டிகளைப் பகைவர் கிளப்பிச் செல்லாதபடி செய்ய இதே வழியை அனுசரித்தார்கள்.

பழைய வண்டிக்கும் காவல் வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கிய தேசம் மேற்கு ஜெர்மனி. 1961-இல் அங்கே ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியபோது, புது வண்டிகளோடு நில்லாமல், தெருவில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளுக்கும் சிறிது அவகாசம் கொடுத்து அதைப் பொருத்தச் சொன்னார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. பத்து வருஷம் கழித்துப் பிரிட்டன் புது வண்டிகளுக்கு மட்டும் அவ்விதி செய்தது. திருடர்கள் பூட்டில்லாத பழைய வண்டிகளை நாடிப் போனார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி இது. புதியவை பலப்பட்டுக்கொண்டே போகுந்தோறும் பழையதன்மேல் கண் விழும்.

திருட்டு முயற்சி ஒன்றிலிருந்து தப்பிய வண்டி, முழுதாகத் தப்பியது என்று எண்ணுவதற்கில்லை. முக்கோணக் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் கிழிந்திருக்கும்; ஸ்க்ரூடிரைவரைச் செருகித் திருகியதில் கதவுப்பூட்டின் உட்குழல் உடைந்து, கைப்பிடியைச் சுற்றித் தகடு மடங்கியிருக்கும். தேர்ந்த டிங்கர் அந்தத் தகட்டை உள்ளிருந்து சிறுகச் சிறுகத் தட்டி நிமிர்த்திய பிறகுதான் பட்டியைத் தொடுவார். அவசரக்காரர் பள்ளத்தைப் பட்டியால் மூடி வர்ணம் அடித்துவிடுவார், இரண்டு மழைக்காலத்தில் துரு வெளிப்படும். எனினும் முதலில் கவனிக்க வேண்டியது அழகை அல்ல, ஒயர்களை. அறுபட்ட ஒயர்களை டேப் சுற்றி அப்படியே விட்டுவைப்பது நெருப்புக்கு இடங்கொடுப்பதாகும். இழுபட்ட பகுதி முழுவதையும் புதிதாக மாற்றி, ஃப்யூஸ் வைத்து, அத்துடனேயே அந்த ரகசிய சுவிட்சையும் பொருத்திவிடுவதே விவேகம்.

இனி அந்தப் பூட்டுக்கும் பீடிங்குக்கும் மாற்று வாங்க எங்கே போவது? இங்கே குர்லாவும், நம் சென்னையில் புதுப்பேட்டையும் பழைய பாகங்களுக்குப் பேர்பெற்றவை. அவ்விடங்களின் கைத்திறன் இல்லாவிடில் எத்தனையோ வண்டிகள் எப்போதோ இரும்புக்கடைக்குப் போயிருக்கும். ஆனால் சரக்கு வந்த வழியைக் கேளாமல் வாங்குகிறவர் இருக்கும்வரை திருடனுக்கும் தொழில் இருக்கும். டாக்ஸியாகப் பதிவான கடைசிப் பத்மினி, இருபது வருஷ வரம்பு தீர்ந்து, 2023 அக்டோபர் 30-இல் பம்பாய்த் தெருக்களைவிட்டு நீங்கியது. டாக்ஸிகளைப் பிரித்துக் கிடைத்துவந்த பாகங்கள் இனி அருகிக்கொண்டே போகும். மிஞ்சி நிற்கும் வண்டிகளுக்கு ஆபத்தும் அதற்கேற்ப வளரும்.

ஆகையால் பழைய வண்டியைப் போற்றும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இரண்டே. வண்டி திருட்டுப் போகவில்லையே என்று சும்மா இராமல், போலீஸில் முறையாகப் புகார் எழுதிக் கொடுங்கள். திருட்டு முயற்சியும் சட்டப்படி குற்றமே. பழைய பாகம் எது வாங்கினாலும், கடைக்காரர் எத்தனை பழக்கமானவராயினும், பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடையில் கால் வைக்காதீர்கள்.