அத்திலாந்திக்கில் இரண்டு உயிர்காப்புப் படகுகள்

மொன்றியலின் வடமேற்கே உள்ள இல்-பிசார் தீவைச் சுற்றியோடும் நீர், சென் லோறன்ஸ் நதியுடன் கலந்து, வளைகுடாவைத் தாண்டி அத்திலாந்திக்கைச் சேர்கிறது. அவ்வளைகுடாவின் வாயிலில் கிடப்பது நியூபவுண்ட்லாந்து. இத்தீவருகே உள்ள ஏரியில் கோடை நாட்களில் சிறு பாய்ப்படகுகள் ஓடுகின்றன. அவற்றில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்பது சட்டம். கடலில் அந்தரித்த எம்மவர் கதையை, பாதுகாப்பு விதிகள் மிகுந்த இந்தக் கரையிலிருந்து நினைத்துப் பார்ப்பது பொருத்தமே.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தின் தென்கரையில் உள்ள சென் சொட்ஸ் கிராமத்துக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு திறந்த உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றில் ஈழத்தமிழர் 155 பேர் நெருக்கியடித்து இருந்தனர். மேற்கு ஜேர்மனியில் இருந்து அவர்களை ஏற்றிவந்த 'ஓரிகே' என்ற கப்பல், நடுக்கடலில் அவர்களை இப்படகுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மூன்று நாட்கள் அவர்கள் அலையில் கிடந்தனர்.

அந்தக் கடல் இலேசானதல்ல. லப்ரடோரிலிருந்து வரும் குளிர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் சந்திக்கும் இடம் அது. கோடையிலும் மூடுபனி கவியும். கப்பல்கள் பல உடைந்த கரை அது. அங்கே விழுந்தவரை நீருக்கு முன் குளிர் கொன்றுவிடும்.

கடலில் ஆபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவற்றைக் கடலோடிகள் அறிவர். படகின் முகப்பை அலைக்கு நேரே பிடிக்கவேண்டும், உள்ளே வரும் நீரை முறைவைத்து இறைக்கவேண்டும், குடிநீரை அளந்து கொடுக்கவேண்டும், உப்புநீரைத் தொடக்கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடிய ஒருவர் படகில் இருக்கவேண்டும். எங்கள் வடகரையில் அவருக்குத் தண்டையல் என்று பெயர். 1938 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப்பெயருடன், இதே அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்தியவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின் வந்த படகுகளை விட்டு, பொறுப்பேற்க வேண்டிய கப்டனே போய்விட்டார். ஏறியிருந்தவர்களோ கடலோடிகளாக அல்ல, அகதிகளாகப் புறப்பட்டவர்கள். வறுமையும் துணிவின்மையுமல்ல, இந்தக் கைவிடலே அப்பயணத்தின் மிகப்பெரிய ஆபத்து.

அவர்களைக் கண்டவர் கஸ் டோல்ற்றன் என்ற மீனவர். தனது மீன்பிடிப் படகில் எல்லோரையும் ஏற்ற இடமில்லை. மற்றப் படகுகளும் உதவிக்கு வந்தன. நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை எவரும் கைகொடுக்கத் தாமதிக்கவில்லை. ஆபத்திலிருப்பவரைக் காப்பது கப்பல் தலைவரின் கடமை என்பது நெடுங்காலக் கடல் வழக்கு; அதையே அனைத்துலக உடன்படிக்கைகளும் எழுதிவைத்திருக்கின்றன.

கேள்விகள் கரையில்தான் தொடங்கின. இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொல்லப்பட்டது. ஜேர்மனியிலிருந்து வந்தது பின்னர் வெளியானது. ஏமாற்றுக்காரர் என்ற கூச்சல் எழுந்தது. ஆனாலும் பிரதமர் மல்றோனியின் அரசு அவர்களைத் திருப்பியனுப்பவில்லை. ஓராண்டு அனுமதி வழங்கப்பட்டது; பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தனர். மறு ஆண்டு யூலையில் நோவா ஸ்கோசியாக் கரையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர், இறங்கியபோது நிலைமை மாறியது. விடுமுறையில் இருந்த பாராளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. அகதிகளை ஏற்றிவரும் கப்பல்களைத் திருப்பியனுப்ப அதிகாரம் கோரும் மசோதாவும் வந்தது. கடலின் சட்டமும் கரையின் சட்டமும் வெவ்வேறு என்பதை நாம் அன்றே கண்டுகொண்டோம்.

எமது வரலாற்றில் இச்சம்பவம் பெரும்பாலும் 'வந்து சேர்ந்த' கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த மூன்று நாட்களில் யார் தண்ணீரைப் பங்கிட்டார், யார் நீர் இறைத்தார், யார் பிறரைத் தேற்றினார் என்பவை எழுத்தில் மிகக் குறைவாகவே வந்துள்ளன. தண்டையல் இல்லாத படகை அவர்கள் எப்படிக் காத்தார்கள் என்பதும் கடலறிவுதான். அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர். அவர்கள் வாயால் அதைக் கேட்டு எழுதிவைப்பது நமது வேலை. அதற்கு இனியும் தாமதம் கூடாது.