டர்போவும் இருபது வருஷமும்

நண்பர் ஒருத்தர் தன்னோட டீசல் ஜீப்புக்கு வீட்டிலேயே பெரிய டர்போ மாட்டப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். அவருக்காக இந்தக் கதை, மக்களே.

ஆல்ஃபிரட் பூக்கி, சுவிஸ் இஞ்சினியர். வீணாப் போற புகையோட சக்தியை வச்சே காத்தை அழுத்தி இஞ்சினுக்குள்ள அனுப்பலாம்னு 1905-லயே காப்புரிமை பதிஞ்சவர். ஆனா முதல் மாதிரி சரிப்படலை. 1925-லதான் ஜெயிச்சார். 1,750 குதிரைத்திறன் தந்த பத்து சிலிண்டர் கப்பல் டீசல் இஞ்சின், 2,500 தந்துச்சு!

காத்து கூடினா மட்டும் போதாது. டீசலும் அளவாக் கூடணும், டர்பைனும் இஞ்சினுக்குப் பொருந்தணும். பெருசா மாட்டினா மெதுவாத்தான் வேகம் எடுக்கும். அதுக்குள்ள டீசலை ஏத்தினா கரும்புகை. இன்னும் ஏத்தினா சூடு எகிறி பிஸ்டனே உருகலாம்.

பூக்கிக்கே இருபது வருஷம் ஆச்சு. நம்மாளு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவாராம் :-)