சுடுநீர் பம்ப், வால்வு மாற்றம்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

கேலாங் லோரோங்குகளில் 1920களில் எழுந்த கடைவீடுகளும் புதிய கொண்டோமினியங்களும் அருகருகே நிற்கின்றன. சற்றுத் தள்ளி வீவக அடுக்குமாடிகள். கட்டடம் எதுவானாலும், குளியலறைப் பொய்க்கூரைக்கு மேலே சுடுநீர்க் கலன் இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. கலன் கண்ணில் படுவதில்லை என்பதால், ஒழுகத் தொடங்கும்வரை அதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

சுழற்சி பம்ப் யாருக்குத் தேவை?

கலனிலிருந்து குளியலறை வெகுதூரம் இருந்தால், குழாயைத் திறந்ததும் முதலில் குளிர்ந்த நீரே வரும். சூடான நீர் வந்து சேரும்வரை தண்ணீர் வீணாகும். அதைத் தவிர்க்க, குழாயில் ஆறிப்போன நீரைக் கலனுக்கே திருப்பி அனுப்பும் சிறிய மோட்டார்தான் சுழற்சி பம்ப். பல மாடித் தரைவீடுகள், ஹோட்டல்கள் ஆகியவற்றில் இது பயன்படும். வீவக வீடுகளில் கலனும் குளியலறையும் பக்கத்திலேயே இருப்பதால் பெரும்பாலும் தேவைப்படாது.

பம்ப் பழுதானால் சுடுநீர் தாமதமாக வரும், அவ்வளவுதான். வால்வு பழுதானால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வால்வுகள் செய்யும் வேலை

தண்ணீர் சூடானால் விரியும். 50 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 0.7 லிட்டர் கூடும். குளிர்நீர் வரும் வழியில் உள்ள ஒருவழி வால்வு அந்த நீரைப் பின்னால் போக விடாது. எனவே கலனுக்குள் அழுத்தம் ஏறும். கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. நீர் சூடாகும் நேரத்தில் அதன் குழாயில் சில சொட்டுகள் விழுவது இயல்பே.

சொட்டுவது தொந்தரவாக இருக்கிறது என்று அந்தக் குழாயைத் துணியாலோ மூடியாலோ அடைக்கவே கூடாது. வெப்பநிலைக் கட்டுப்பாடும் சேர்ந்து பழுதானால், நீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். கலன் வெடித்தால் அந்த நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாக மாறி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். கலன் சூடாகாத நேரத்திலும் நீர் விடாமல் வழிந்தால், வால்வில் உப்புப் படிந்திருக்கலாம் அல்லது நீரழுத்தம் அதிகமாக இருக்கலாம். அப்போது வால்வைச் சோதித்து மாற்ற வேண்டும்.

பம்ப் மாற்றும் முறை

முதலில் மின்பெட்டியில் பம்ப், கலன் இரண்டுக்குமான சுவிட்சுகளை அணைக்க வேண்டும். நீர் ஆறும்வரை காத்திருப்பது அவசியம். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். பிறகு குளிர்நீர் வரும் வழியை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பம்ப்பின் இருபுறமும் உள்ள வால்வுகளை மூடி, கீழே வாளி வைத்து நட்டுகளைக் கழற்றலாம்.

புதிய பம்ப் வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகினால் ஆனதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு பம்ப் புதிய நீர் வந்துகொண்டே இருக்கும் குழாயில் துருப்பிடிக்கும். பழைய வாஷரை மீண்டும் போடக் கூடாது. பம்ப்பின் மேலுள்ள அம்புக்குறி நீர் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். வீட்டுக்கான சிறிய பம்ப்புகளில் மோட்டாரின் அச்சு கிடைமட்டமாக இருக்க வேண்டும். கடைசியாக நீரைத் திறந்து, காற்றை வெளியேற்றிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். நீரில்லாமல் ஓடினால் புதிய பம்ப்பும் கெட்டுவிடும்.

யார் செய்ய வேண்டும்?

சிங்கப்பூரில் குழாய்த் தலையை மாற்றுவது போன்ற சிறு வேலைகளை வீட்டாரே செய்யலாம். சுடுநீர்க் கலன், அதன் வால்வுகள் தொடர்பான வேலைகளுக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைக்க வேண்டும். மின் இணைப்பு வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளர் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை இரு அமைப்புகளின் இணையத்தளங்களிலும் பார்க்கலாம்.

மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்சிசிபி கருவி. 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் அது இல்லாமல் இருந்தது. எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பொருத்திக்கொள்ள ஈராண்டு அவகாசமும் தரப்பட்டது. பழைய வீட்டில் கலனைத் தொடுமுன் இதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

அறை வாடகைக்கு இருப்போர் தாங்களே கலனைத் திறக்காமல், சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டு உரிமையாளரிடம் தெரிவிக்க வேண்டும். கலனிலிருந்து கொதிக்கும் சத்தம் கேட்டாலோ, குளிர்நீர்க் குழாயிலும் சுடுநீர் வந்தாலோ, பாதுகாப்பு வால்விலிருந்து ஆவி வந்தாலோ, அருகில் போகாமல் மின்பெட்டியிலேயே மின்சாரத்தை அணைத்துவிட்டு உடனே பணியாளரை அழைக்க வேண்டும்.