ஹந்தானைக்கு ஏறியவர்கள்

கண்டி நகரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளில் விடுமுறை நாளொன்றில் நண்பர்களோடு ஏறி இறங்குவது இன்று எவருக்கும் எட்டும் இன்பமாயிருப்பினும், அக்குன்றுகள் எக்காலத்திலும் எல்லோருக்கும் திறந்துகிடந்தவையல்ல. கண்டி ராஜதானியாக விளங்கிய காலத்தில் மலையும் வனமுமே அதற்குக் கோட்டைமதில். 1803ஆம் ஆண்டில் நகரினுள் புகுந்த ஆங்கிலச் சேனை சில மாதங்களுக்குள் நோயாலும் முற்றுகையாலும் நாசமுற்றதற்கு அம்மதிலும் ஒரு பெருங்காரணம். அரண்மனையின் பின்னே அடர்ந்திருக்கும் உடவத்தகெலே வனமோ அரசருக்கே உரித்தாய், பிரஜைகள் பிரவேசிக்கலாகாத இடமாயிருந்தது.

1815இல் கண்டியரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், காவலுக்கு நின்ற மலை உலாவுதற்குரிய மலையாயிற்று. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனுடைய மனைவியின் பெயரால் உடவத்தகெலே வனத்தினூடே பாதையொன்று வழங்கலாயிற்று. பின்வந்த தேசாதிபதிகள் சிலருடைய மனைவியர் பெயர்களும் அவ்வாறே சுற்றுப்புறப் பாதைகளில் நிலைபெற்றன. மாலைக்காற்று வாங்க மலையேறும் வழக்கம் கண்டியில் வேரூன்றியது இவ்வாறுதான் என்று கருதுகிறேன்.

ஆனால், நகருக்குத் தெற்கே ஏழு சிகரங்களோடு நீண்டு, 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட ஹந்தானையின் சரித்திரம் வேறு. அங்கே பாதைகளை உண்டாக்கியவர் உலாவுவோரல்லர், உழைப்போர். 1820களில் கண்டிப் பிரதேசத்தில் கோப்பித் தோட்டங்கள் தோன்றத் தொடங்கியதும், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலான பகுதிகளின் கிராமங்களிலிருந்து, கடனும் பஞ்சமும் துரத்தக் கண்டிச்சீமைக்குப் புறப்பட்ட ஜனங்கள், தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து நீரற்ற காட்டுவழியே மாத்தளைவரை நாட்கணக்காக நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலிகொண்டவர் போக எஞ்சியோரே மலையைக் கண்டார்கள். காட்டை அழித்தவர்களும், கான் வெட்டிப் பாதை வகுத்தவர்களும், கோப்பிக் கன்றை நட்டவர்களும் அவர்களே. 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கில் கோப்பியை அழித்தொழிக்க, 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை அதனிடத்தைப் பற்றிக்கொண்டது. பயிர் மாறியதேயன்றி, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குக் கூடி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவேறும் வாழ்க்கை மாறவில்லை. 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. அதன் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரையான கொழுந்து இத்தொழிலாளர் விரல்களின் வழியாகவே வந்தது. தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் இம்மலையை ஏறிய இவர்கள் பெயரால் ஒரு பாதையேனும் வழங்கக் கேட்டதில்லை.

1952இல், உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்தில், இலங்கைச் சர்வகலாசாலை பேராதனைக்கு இடம்பெயர்ந்து ஹந்தானையின் அடிவாரத்தில் அமர்ந்தபின், மலையேற்றம் மாணாக்கருக்கு உரிய கொண்டாட்டமாயிற்று. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகப் புறப்பட்டு, அட்டைக்கடியைப் பொருட்படுத்தாது, மானாப்புல்லை விலக்கிச் சிகரத்தை எய்தி, கீழே மகாவலி கங்கை வளைந்தோடக் கண்டு களைப்பாறிய அந்தச் சிநேகங்களை நான் அற்பமாக மதிக்கவில்லை. மூவினத்து இளைஞரும் மொழிப்பகை மறந்து கூடிநின்ற இடங்கள் இந்நாட்டில் மிகுதியல்ல. எனினும், அவர்கள் களிப்போடு ஏறிய காலத்தில், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, வாக்குரிமையும் இழந்து, அதே மலைச்சரிவுகளில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு வேகிறது.

1964ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு கப்பலேறியோரிற் பலர், தமிழக அரசு அவர்களுக்கென 1968 முதல் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் உண்டாக்கிய தோட்டங்களில் மீண்டும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள். அங்கே ஊரார் அவர்களைச் சிலோன்காரர் என்று அழைத்தார்கள்.