பிரியோராத் சிவப்பு ஒயின்

ஸ்பெயினின் வடகிழக்கே கட்டலோனியாவின் தர்ரகோனா மாகாணத்தில், மோன்சாந்த் மலையடியில் தயாராகும் கலவை ஒயின் பிரியோராத். கார்னாச்சா, கரின்யேனா என்னும் இரு திராட்சை வகைகளே இதற்கு அடிப்படை. கேபர்னே சாவிஞோன், சிரா, மெர்லோ ஆகியவை பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

12ஆம் நூற்றாண்டில் இங்கே ஸ்காலா தேய் மடத்தை நிறுவிய கார்த்தூசியத் துறவிகளோடு இப்பகுதியின் ஒயின் தொழில் வேரூன்றியது. 1830களில் அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்ததும் துறவிகள் வெளியேறினர். அந்த நூற்றாண்டின் இறுதியில், வேரைத் தின்னும் பில்லோக்செரா பூச்சி கொடிகளை அழித்தது. பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களுக்குப் போக, செங்குத்தான சரிவுகளில் இருந்த தோட்டங்கள் பல புதர் மண்டின.

இந்த ஒயினின் தனித்தன்மைக்கு முதற்காரணம் மண்தான். உள்ளூரில் லிகொரெல்யா எனப்படும் இது கருஞ்சாம்பல் நிறச் சிலேட்டுக்கல். கையில் எடுத்தால் ஏடு ஏடாகப் பிரியும், காக்காப்பொன் துகள்கள் வெயிலில் மினுங்கும். மேல்மண் மிகக் குறைவு. தண்ணீர் தேடும் வேர்கள் கல்லின் பிளவுகளுக்குள் ஆழமாக இறங்குகின்றன. முதிய கொடிகள் கொஞ்சமாகத்தான் காய்க்கும். ஆனால் பழத்தின் சாறு அடர்த்தியாக இருக்கும். பல சரிவுகளில் இயந்திரம் ஏறாது என்பதால் அறுவடை கையால்தான். சில தோட்டங்களில் உழவுக்கு இன்றும் கோவேறு கழுதைகள் உண்டு.

கார்னாச்சா பழவாசனையும் இனிப்பும் மிக்கது. நொதித்தபின் சாராயச் சத்து ஏறும். ஆனால் அதன் நிறம் வெளிறியது, காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். கரின்யேனா அடர்நிறமும் புளிப்பும் துவர்ப்பும் கொண்டது. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்வதே இக்கலவையின் நுட்பம். பொதுவாக ஒவ்வொரு வகையையும் தனித்தனியே நொதிக்க வைப்பார்கள். சாறு பொங்கும்போது தோல்கள் மேலே திரண்டு மிதக்கும். அவற்றை அவ்வப்போது அமிழ்த்தினால்தான் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கும். பிறகு ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். எதில் எவ்வளவு கலப்பது என்பதைச் சுவைத்துப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

இன்றைய புகழுக்கு வித்திட்டவர் 1979இல் கிரத்தலோப்ஸ் ஊரில் நிலம் வாங்கிய ரெனே பார்பியே. அவரோடு ஆல்வாரோ பலாசியோஸ், தாஃப்னே குளோரியான், கார்லஸ் பாஸ்த்ரானா, ஜுசெப் லுயிஸ் பெரெஸ் ஆகியோர் இணைந்தனர். 1989 அறுவடையை ஐவரும் ஒரே கூடத்தில் ஒன்றாகவே ஒயினாக்கி, அவரவர் பெயர்ச்சீட்டில் புட்டியிலிட்டனர். தனித்தனியே முயன்றிருந்தால் கைவிடப்பட்ட ஒரு மலைநாட்டை உலகம் இவ்வளவு விரைவில் திரும்பிப் பார்த்திருக்காது. கிளோஸ் மொகாதோர், கிளோஸ் எராஸ்முஸ் போன்ற பெயர்கள் அந்த முயற்சியில் பிறந்தவை.

அவர்கள் நட்ட பிரெஞ்சு வகைகள் ஒயினுக்கு வெளிச்சந்தையில் எளிதாக இடம் பெற்றுத் தந்தன. எனினும் இம்மண்ணின் குரல் பழைய கார்னாச்சாவிலும் கரின்யேனாவிலும்தான் தெளிவாகக் கேட்கிறது. தயாரிப்பாளர் பலரும் இப்போது அவற்றுக்கே திரும்பி வருகின்றனர். பலாசியோஸ் 1993 முதல் தயாரிக்கும் லெர்மிதா பெரும்பாலும் முதிய கார்னாச்சாக் கொடிகளிலிருந்து வருவது.

ஸ்பெயினின் மிக உயர்ந்த தரச்சான்று ரியோஹாவுக்கு அடுத்துக் கிடைத்தது பிரியோராத்துக்கு. கட்டலோனிய அரசு 2000இல் அதை வழங்கியது. மத்திய அரசின் ஏற்பு 2009இல் வந்தது. திராட்சை விளைந்த ஊரின் பெயரைப் புட்டியிலேயே குறிப்பிடும் முறையும் இப்போது இங்கே நடைமுறையில் உள்ளது.