அமைதியற்ற பிள்ளையும் அதன் பெற்றோரும்

ஓரிடத்தில் நிலைத்திருக்கமாட்டாத பிள்ளையைக் கண்டால், "வளர்த்தவர் யார்?" என்றே உலகம் முதலிற் கேட்கிறது. இக்கேள்வி பெற்றோரின் உள்ளத்தை எத்துணைக் காலம் வருத்தி வந்துள்ளது என்பதைச் சரித்திரம் காட்டும்.

ஜேர்மனி நாட்டுப் பிராங்போட் நகரத்து வைத்தியரான ஹைன்றிக் ஹொவ்மன், தம் மகனுக்காக ஆக்கிய சித்திர நூலை 1845இல் வெளியிட்டார். அதன் பிந்திய பதிப்பொன்றிலே பிலிப் என்னும் சிறுவனின் கதை சேர்க்கப்பட்டது. உணவு வேளையிற் கதிரையை ஓயாது ஆட்டிய அச்சிறுவன், மேசைவிரிப்பையும் உணவையும் இழுத்துக்கொண்டு நிலத்தில் வீழ்கிறான். தந்தை சினக்கிறார், தாய் வாய்பேசாது பார்த்திருக்கிறாள். அவ்விருவருக்கும் அந்நூல் வழியொன்றும் கூறவில்லை.

1902இல் லண்டன் மாநகரிலே ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், அறிவிற் குறைவில்லாத பிள்ளைகளிடத்தும், வளர்ப்பிற் பிழை காணப்படாத இல்லங்களிலும் இத்தகைய நிலை தோன்றுவதை எடுத்துரைத்தார். எனினும், ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அவர் அதனைக் குறித்தார். பெற்றோர்மீதிருந்த பழி சற்றுத் தளர்ந்தது. பிள்ளையின் ஒழுக்கத்தின்மீது அது சென்று நின்றது.

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், ஜோர்ஜ் பிராட்லி என்பாரின் ஒரே மகளான எம்மா ஏழு வயதில் மூளையழற்சியால் தாக்குண்டு, நீங்காத ஊனமுற்றாள். அவளது நோய் வேறு. ஆயினும், தம் துயரம் பிறர் பிள்ளைகளுக்கு நன்மையாக வேண்டுமென விரும்பிய பெற்றோர் தம் செல்வத்தை அதற்கென ஒதுக்கினர். அவ்வாறு 1931இல் எழுந்த வைத்தியசாலையிலேதான், 1937இல் வைத்தியர் சார்ள்ஸ் பிராட்லி 30 பிள்ளைகளுக்குப் பென்செட்றின் என்னும் மருந்தைக் கொடுத்து, அவருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றமடைந்ததைக் கண்டார். ஊக்கம் தரும் மருந்து அமைதியைத் தந்தது. குறை ஒழுக்கத்திலன்று, மூளையின் தொழிற்பாட்டிலே என எண்ணுதற்கு இஃது இடமளித்தது.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என இன்று வழங்கும் பெயர் 1987இல் நிலைபெற்றது. அவ்வாண்டிலேயே புளோரிடாவிற் பெற்றோர் சிலர் கூடிச் 'சாட்' என்னும் சங்கத்தை நிறுவினர். 1999இல் வெளிவந்த பேராய்வொன்று 579 பிள்ளைகளை 14 மாதங்கள் நோக்கியது. கோளாற்றின் அறிகுறிகளைத் தணிப்பதிற் கவனமாக அளிக்கப்பட்ட மருந்தே முதன்மை பெற்றது. பெற்றோர்க்கான பயிற்சியும் பாடசாலையின் துணையும் மருந்தோடு சேர்ந்தவிடத்து, குறைந்த அளவு மருந்தே போதியதாயிற்று. பெற்றோர் பிள்ளை உறவும் சீர்பெற்றது.

இக்கோளாறு பெரிதும் மரபுவழி வருவதாகும். ஆதலால், பிள்ளையை நெறிப்படுத்த வேண்டிய தாயோ தந்தையோ அதே இடர்ப்பாட்டை உடையவராயிருத்தலும் கூடும். அவர்க்கு வேண்டுவன கண்டனங்கள் அல்ல. நோயை விளக்கும் வைத்தியர், சிறுசிறு கட்டளைகளாலும் உடனடிப் பாராட்டாலும் பிள்ளையை நடத்தும் பயிற்சி, வீட்டோடு ஒத்துழைக்கும் ஆசிரியர், சிறிதுபொழுது பிள்ளையை ஏற்று ஓய்வளிக்கும் சுற்றத்தார் ஆகியோரின் துணையே அவர்க்கு வேண்டும். இவை கிட்டுமாயின், மேசையருகே வாய்பேசாதிருந்த அத்தாய்க்கும் வழி பிறக்கும்.